நாற்பது கிலோமீட்டருக்கு எந்தப் பாய்?

பாய்மரப் பலகை ஒருவர் நின்றபடி ஓட்டும் கலம். இரண்டேகால் முதல் இரண்டரை மீட்டர் நீளமுள்ள பலகை, அதன் நடுவில் எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒரு மூட்டு, மூட்டின் மேல் பாய்மரமும் பாயும், பாயைச் சுற்றி வளைந்து நிற்கும் பிடிகம்பு. சுக்கான் கிடையாது. பாயை முன்னால் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும். பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். கலிபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹோயில் ஷ்வைட்சர் இருவரும் 1968இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், விண்ட்சர்ஃபிங் எனப்படும் இந்தப் பலகை ஓட்டம் பதக்க விளையாட்டாகிவிட்டது.

இதில் இருவகை ஓட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு புதிர் தென்படும். 2015 நவம்பரில் நமீபியாவின் லூடரிட்ஸ் நகரில், இதற்கென்றே வெட்டிய வாய்க்காலில், பிரான்ஸின் அந்துவான் அல்போ 500 மீட்டர் தூரத்தைச் சராசரியாக 53.27 நாட் வேகத்தில் கடந்தார். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் அவர் வேகம் மணிக்கு 98 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. பிரான்ஸின் தென்கரையில் குருய்சான் என்ற ஊரில் நடக்கும் ‘தெஃபி விண்ட்’ நெடுந்தொலைவுப் பந்தயமோ 40 கிலோமீட்டர். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் புறப்படுவார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குள்ள தூரத்தைவிட இது அதிகம். வாய்க்காலில் சாதனை படைத்த அதே பலகையையும் அதே பாயையும் குருய்சானுக்குக் கொண்டுவந்தால் முன்வரிசையில் வர முடியாது. மிக வேகமான கருவி நீண்ட ஓட்டத்தில் ஏன் பின்தங்குகிறது?

எளிய கணக்கு ஒன்றே பாதிப் பதிலைத் தந்துவிடும். ஒருவர் 40 கிலோமீட்டரில் முதல் பாதியை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலும், மறுபாதியை 30 கிலோமீட்டர் வேகத்திலும் ஓட்டுகிறார். முதல் பாதிக்கு 24 நிமிடம், அடுத்ததற்கு 40 நிமிடம், மொத்தம் 64 நிமிடம். இன்னொருவர் ஒருமுறைகூட 40ஐத் தாண்டாமல், 40லிருந்து இறங்காமலும் ஓட்டுகிறார். அவருக்கு 60 நிமிடம் போதும். மெதுவாகப் போகும்போது கழியும் நேரம் நீளமானது. வேகமாகப் போய் மிச்சம் பிடிக்கும் நேரம் குட்டையானது. ஆகவே நெடுந்தொலைவுக்குக் கருவி தேர்பவர் தம் உச்ச வேகத்தைக் கூட்டப் பார்ப்பதைவிட, மோசமான பத்து நிமிடங்களில் வேகம் எவ்வளவு சரியும் என்று பார்ப்பதே சரி. பாய், அடிச்சிறகு, பலகை, இடுப்புக் கயிறு எல்லாவற்றின் தேர்விலும் இந்த ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப எழும்.

அதற்குமுன், காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது பலகை எப்படி முன்னே போகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். பழுத்த வேப்பம்பழத்தின் தோலை உரித்து, வழுக்கும் கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அழுத்தினால், அது விரல்கள் அழுத்தும் திசையில் போகாமல் முன்னே பீறிட்டுப் பாயும். பலகையில் ஒரு விரல் காற்று. அது பாயின் மேல் பக்கவாட்டில் தள்ளுகிறது. மறு விரல் தண்ணீர். பலகையின் பின்பகுதியில், அடியில் செங்குத்தாக நிற்கும் மெல்லிய தகடு ஒன்றின் மீது அது எதிர்த்துத் தள்ளுகிறது. அந்தத் தகட்டை அடிச்சிறகு என்று சொல்லலாம். பாயும் அடிச்சிறகும் வளைந்தோ சற்றுக் கோணலாகவோ ஓட்டத்தைச் சந்திக்கும்போது, பறவையின் இறக்கையைப் போலவே, தம் மேல் செல்லும் ஓட்டத்துக்குக் குறுக்காக விசையைப் பெறுகின்றன. இரு விசைகளின் பக்கவாட்டுப் பங்கு ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சுவது முன்னோக்கிய தள்ளல்.

பலகை ஓடத் தொடங்கியதும் காற்றே மாறிவிடுகிறது. கரையில் நிற்பவர் உணரும் காற்றை மெய்க்காற்று என்போம். ஓடுபவரின் முகத்தில் மோதுவது, மெய்க்காற்றும் அவருடைய ஓட்டத்தால் எழும் எதிர்க்காற்றும் கலந்த ஒன்று. இது உணர்காற்று. 20 நாட் காற்று நேர்ப்பக்கவாட்டில் வீச, பலகை 25 நாட்டில் ஓடினால், பாய் சந்திக்கும் உணர்காற்று 32 நாட். அது பக்கத்திலிருந்து வராமல், ஏறத்தாழ முன்பக்கத்திலிருந்தே வரும். காற்றைவிட வேகமாகக் காற்றாலேயே ஓட முடிவது இதனால்தான். ஆனால் இது நடக்கப் பலகை தண்ணீரைப் பிளந்து செல்லும் நிலையிலிருந்து விடுபட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேலேறி வழுக்க வேண்டும். இந்த வழுக்கோட்டம் தொடங்கியதும் பலகையின் பின்பகுதி மட்டுமே நீரைத் தொடும். தடை மளமளவென்று குறையும். வழுக்கோட்டம் நின்றுபோனால் மணிக்கு 40 கிலோமீட்டரில் போனவர் 10க்கு இறங்கிவிடுவார். மேலே சொன்ன ‘மோசமான பத்து நிமிடம்’ பெரும்பாலும் இதுதான்.

இனி பாய். காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 15 நாட் காற்று 20 நாட் ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. விசையோ ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. அப்படியானால் பாயின் பரப்பையும் ஏறக்குறைய பாதியாகக் குறைக்க வேண்டுமே என்று தோன்றும். அனுபவசாலிகள் அப்படிச் செய்வதில்லை. 15 நாட்டுக்கு ஏழே முக்கால் சதுர மீட்டர் பாய் எடுப்பவர், 20 நாட்டுக்கு ஆறு சதுர மீட்டருக்குச் சற்றுக் கீழோ மேலோ எடுப்பார். காரணம் பாயின் உயரத்தில் இருக்கிறது. பாயைக் கவிழாமல் பிடித்து நிற்கும் எதிர்ப்பாரம் ஓட்டுபவரின் உடல் எடை மட்டுமே. கவிழ்க்கும் வலிமை விசையை மட்டும் பொறுத்ததல்ல. அந்த விசை எவ்வளவு உயரத்தில் இழுக்கிறது என்பதையும் பொறுத்தது. பெரிய பாயின் இழுவை மையம் உயரத்தில் இருக்கும். சிறிய பாய்க்கு மாறும்போது விசையும் குறைகிறது, அது இழுக்கும் இடமும் தாழ்கிறது. இரண்டும் சேர்வதால் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தாலே போதும்.

இதே கணக்கு எடைக்கும் பொருந்தும். 75 கிலோ ஆளுக்கு 6.5 சதுர மீட்டர் பாய் சரியாக இருந்தால், 90 கிலோ ஆளுக்கு 7.3 சரியாக இருக்கும். எடை ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்க, பாய் எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது. தொண்டி, நம்புதாளை பக்கத்து மீனவர்கள் திருவிழாக் காலங்களில் நடத்தும் பாய்மரப் படகுப் போட்டியில், காற்று ஏறும்போது ஆட்கள் காற்று வரும் பக்கத்து ஓரத்துக்கு நகர்ந்து உடலை வெளியே சாய்ப்பதும் இதே எதிர்ப்பாரக் கணக்குதான். படகில் ஆட்களைப் பக்கம் மாற்றலாம். பலகையில் ஒரே ஆள் என்பதால் முடிவைக் கரையிலேயே எடுத்துவிட வேண்டும்.

குறுகிய பந்தயத்தில், சுழன்றடிக்கும் வேகக் காற்றுக்கு இடையே வரும் தளர்வுகளிலும் வழுக்கோட்டம் அறாமலிருக்கக் கொஞ்சம் பெரிய பாயை எடுப்பார்கள். நான்கைந்து நிமிடம் அதை அடக்கிப் பிடித்துவிடலாம். ஒரு மணி நேரம் அப்படிப் பிடிக்க முடியாது. அதே சமயம் மிகச் சிறிய பாயோடு போனால், தளர்வில் பலகை தண்ணீருக்குள் அமிழ்ந்து நின்றுவிடும். இரண்டு ஆபத்தில் எது பெரிது என்பது காற்றின் சீர்மையைப் பொறுத்தது. ஏற்ற இறக்கம் குறைவான காற்றில் சிறிய பக்கம் சாய்வதே நல்லது. குதித்துக் குதித்து வீசும் காற்றில் பெரிய பாயை எடுத்து அதைத் தட்டையாக்கிக் கட்டுவது நல்லது. தட்டையாக்குவது என்றால் பிடிகம்பின் பின்முனையை நோக்கிப் பாயை இழுக்கும் கயிற்றை இறுக்குவது. ஓடிக்கொண்டே இந்தக் கயிற்றை இறுக்கவும் தளர்த்தவும் வசதி உள்ள அமைப்பை நெடுந்தொலைவுக்காரர்கள் விரும்புகிறார்கள். போகும்போது காற்று ஒரு கோணம், திரும்பும்போது வேறு கோணம் என்பதால் ஒரே வளைவு இரண்டுக்கும் ஒத்துவராது.

பாயைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிறு இன்னும் நுட்பமானது. அதை நன்றாக இழுத்துக் கட்டினால் பாய்மரம் வளைந்து, பாயின் மேற்பகுதிப் பின்விளிம்பு தளர்ந்துவிடும். திடீர் வேகக் காற்று வரும்போது அந்தத் தளர்ந்த பகுதி தானாகத் திறந்து மிகைக் காற்றைக் கழித்துவிடுகிறது. இழுவை மையமும் தாழ்கிறது. ஓட்டுபவர் எதுவும் செய்யாமலே பாய் தன்னைச் சிறிதாக்கிக்கொள்கிறது என்றே சொல்லலாம். முதன்முறை பார்ப்பவர்களுக்கு இந்தத் தொய்வு தவறாகக் கட்டிய பாய்போலத் தோன்றும்.

பந்தயப் பாய்களில், உள்ளே கிடக்கும் குச்சிகளின் முனையில், பாய்மரத்தைக் கவ்வும் பிளாஸ்டிக் கவைகள் இருக்கும். அவை பாயின் வளைவைக் காற்றில்லாதபோதும் குலையாமல் காக்கும். வேகத்துக்கு இவை உதவும். ஆனால் இத்தகைய பாயின் முன்விளிம்பு ஒரு அகலமான பை; கடலில் விழுந்தால் அது தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். கவையில்லாத பாயை எளிதாகத் தூக்கி எழுந்துவிடலாம். ஒருமுறை விழுந்து எழ அரை நிமிடம் ஆனால், மணிக்கு 45 கிலோமீட்டரில் ஓடுபவர் 375 மீட்டர் இழக்கிறார். பல ஆண்டு அனுபவமுள்ளவருக்குக் கவைப் பாய் பொருந்தும். முதல் சில நெடுந்தொலைவுப் பந்தயங்களில் இறங்குபவருக்குக் கவை குறைந்த பாயே மொத்த நேரத்தில் வேகமானது. இதை எவ்வளவு வலியுறுத்திச் சொன்னாலும் தகும்.

இதெல்லாம் எப்படித் தெரியவந்தது? காற்றுச் சுரங்கச் சோதனைகள் ஒருபுறம். ஆனால் கடலில் காற்றும் அலையும் ஒருபோதும் ஒரேபோல இராததால், ஓட்டுபவர்கள் நம்பும் முறை வேறு. ஒரே எடையுள்ள இருவர் பக்கம்பக்கமாக ஓடுவார்கள். ஒருவரிடம் ஒரே ஒரு பொருள் மட்டும் மாற்றப்படும். பிறகு அந்தப் பொருளை மற்றவரிடம் கொடுத்து மீண்டும் ஓடுவார்கள். பொருள் கைமாறும்போது வெற்றியும் கைமாறினால் வேறுபாடு பொருளில் இருக்கிறது. மாறவில்லையென்றால் ஆளில் இருக்கிறது. ஜிபிஎஸ் கருவிகள் வந்தபின் நொடிக்கு நொடி வேகம் பதிவாகிறது. அந்தப் பதிவுகளில் உச்ச வேகம்தான் முதலில் கண்ணில் படும். நெடுந்தொலைவுக்குப் பயன்படுவது மறுமுனை: வேகம் எத்தனைமுறை 15 நாட்டுக்குக் கீழே சரிந்தது, ஒவ்வொரு சரிவும் எவ்வளவு நேரம் நீடித்தது என்பது.

காற்றை அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வானிலை நிலையங்கள் காற்றைத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கின்றன. பாயின் இழுவை மையமோ நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் அளவில்தான் இருக்கிறது. திறந்த கடலின் மேல் அந்த உயரத்தில் காற்று, அறிவிக்கப்பட்டதில் ஆறில் ஐந்து பங்கு அளவில் வீசும். தரையில் கதை வேறு. காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவே கிடக்கும் திருக்காட்டுப்பள்ளியில், ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று தென்னந்தோப்பிலும் வாழைக்கொல்லையிலும் உரசி வேகம் இழக்கிறது. சுழித்துச் சுழித்து வீசுகிறது. ஆள் உயரத்தில் அது 10 மீட்டர் அளவின் மூன்றில் இரண்டு பங்குக்கோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். ஆற்றங்கரையில் உணர்ந்த காற்றை வைத்து, அதே தஞ்சை மாவட்டத்தின் கடற்கரையான அதிராம்பட்டினத்திலோ மல்லிப்பட்டினத்திலோ பாய் தேர்ந்தால் பெரிய பாயைத்தான் எடுக்கத் தோன்றும். கடலுக்குள் ஒரு கிலோமீட்டர் போனதும் அது கையை மீறும்.

கடலையே பார்த்துக் காற்றை மதிப்பிடும் முறை பழமையானது, நம்பகமானது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்ணுரை தெரிந்தால் 7 முதல் 10 நாட். அடிக்கடி தெரிந்தால் 11 முதல் 16. பரப்பெங்கும் வெள்ளையானால் 17 முதல் 21. இவை போஃபர்ட் அளவுகோலின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் படிகள். பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. அது 31 நாட். 75 கிலோ ஆள் நான்கரை, ஐந்து சதுர மீட்டர் பாய்க்கு இறங்க வேண்டிய காற்று.

ஐரோப்பிய நிறுவனங்கள் பாயோடு தரும் அட்டவணைகளைத் தமிழகக் கரையில் அப்படியே பின்பற்றக் கூடாது. 30 டிகிரி வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று, 10 டிகிரிக் குளிர்க்காற்றைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு இலேசானது. வேகம் ஒன்றே என்றாலும் தள்ளும் பொருளின் நிறை குறைவு. குளிர்க்கடலில் 7 சதுர மீட்டர் பாய் தரும் இழுப்பைப் பாக் விரிகுடாவில் பெற ஏழரை வேண்டும். வாடைக்காலத்தின் வடகிழக்குக் காற்றுக்கும் சோழகத்தின் தென்மேற்குக் காற்றுக்கும் வெப்ப வேறுபாடு அவ்வளவு பெரிதல்ல என்பதால், இந்தத் திருத்தம் ஆண்டு முழுதும் ஒரே அளவில் பொருந்தும். காற்று மாறும்போது மாறுவது அலை. சோழகத்தில் மண்டபத்தின் வடகரை நிலத்தின் மறைவில் இருப்பதால் கரையோரம் தட்டையாகக் கிடக்கும். தென்கரையில் மன்னார் வளைகுடா குமுறும். ஆழம் குறைந்த பாக் விரிகுடாவின் நடுவே அலை உயரமில்லாமல், ஆனால் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். அகன்ற பலகை அதில் தடதடவென்று அடிவாங்கும். கொஞ்சம் ஒடுங்கிய பலகை வேகத்தைச் சிறிது விட்டுக்கொடுத்தாலும் முழங்காலைக் காப்பாற்றும்.

அடிச்சிறகின் நீளம் பாயைப் பின்பற்றும்: ஏழே முக்கால் சதுர மீட்டருக்கு 42 சென்டிமீட்டர் அளவில், ஐந்தரைக்கு 34 அளவில். காற்றை எதிர்த்து ஏற வேண்டிய பகுதி பாதையில் அதிகமிருந்தால் நீளம் கூட வேண்டும். நீளம் போதாவிட்டால் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காமல் சிறகின் ஒருபக்கம் காற்றை உறிஞ்சி, பிடி நழுவி, பலகையின் பின்புறம் திடீரென விலகிப்போகும். இங்கே பாக் விரிகுடாவுக்கே உரிய ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆவுளியா என்று மீனவர் சொல்லும் அந்த விலங்கு மேய்வது கடற்புல்லை. அந்தப் புல் அறுந்து மிதந்து வந்து செங்குத்தான சிறகில் சுற்றிக்கொண்டால், பலகை ஈரக் கோணியை இழுப்பதற்கு ஒப்பாகிவிடும். பின்னோக்கி நன்றாகச் சாய்ந்த சிறகில் புல் வழுக்கி நழுவிவிடும். சாய்ந்த சிறகு தூய நீரில் சற்று மெதுவானதுதான். ஆனால் 40 கிலோமீட்டரில் நான்குமுறை நின்று புல்லை அகற்றுவதோடு ஒப்பிட்டால் அந்த இழப்பு ஒன்றுமில்லை. புல்வெளியின் மேலே தாழ்ந்த நீரில் ஓடாமல் விலகிப் பாதை வகுப்பது, ஆவுளியாவுக்கும் புல்லுக்கும் ஓட்டுபவருக்கும் நல்லது.

இதே காரணத்தால் நீர்ச்சிறகு இங்கே எல்லா இடத்துக்கும் ஏற்றதல்ல. நீர்ச்சிறகு என்பது அடியில் நீண்ட கம்பத்தின் முனையில் விமானம் போன்ற சிறகைப் பொருத்தி, பலகையையே தண்ணீருக்கு மேலே தூக்கிப் பறக்கவிடும் அமைப்பு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் கடற்போட்டிகள் மார்சேயில் நடந்தபோது விண்ட்சர்ஃபிங் இந்த வகைக்கு மாறியிருந்தது. ‘ஐக்யூஃபாயில்’ என்ற அந்தப் பிரிவில் ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 8 சதுர மீட்டர் பாய். கம்பம் 95 சென்டிமீட்டர். ஆறேழு நாட் காற்றிலேயே எழுந்து பறக்கும் என்பதால், தளர்வுகள் நிறைந்த நெடுந்தொலைவில் இதற்கு நிகரில்லை. அந்தப் பிரிவின் விதிகளிலேயே மாரத்தான் ஓட்டம் ஒன்றும் இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழமும் புல்லற்ற நீரும் வேண்டும் என்பதே குறை. நண்டு வலையின் கயிறும் அதற்குப் பகை.

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்றவற்றில் எல்லோருக்கும் ஒரே கருவி. 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஈபாத் அலி வெண்கலம் வென்ற ‘ஆர்எஸ்எக்ஸ்’ பிரிவில் ஆண்கள் யாவரும் 9.5 சதுர மீட்டர் பாயையே ஏந்தினர். அங்கே தேர்வு என்பது கயிறுகளின் இறுக்கத்திலும் மூட்டை வைக்கும் இடத்திலும் ஒடுங்கிவிடுகிறது. திறந்த நெடுந்தொலைவுப் பந்தயத்தில்தான் தேர்வின் முழுச் சுமையும் போட்டியாளர் தோளில் விழுகிறது.

தோளில் மட்டுமல்ல, முன்கையிலும். ஜெர்மனியின் வால்டர் ரோமர்ட் 1960இல் வெளியிட்ட ஆய்வு, அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் தசை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் காட்டியது. தன் உச்ச வலிமையில் பாதியைச் செலுத்தினால் ஒரு நிமிட அளவுதான் தாங்கும். 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நெடுநேரம் பிடிக்கலாம். இறுகிய தசை தன் இரத்தக் குழாய்களையே நெரித்துக்கொள்வது இதற்கு முக்கியக் காரணம். அதனால்தான் இடுப்பில் கொக்கி வைத்த பட்டையும், பிடிகம்பில் தொங்கும் கயிற்று வளையமும் உயிர்நாடி. பாயின் இழுப்பு முழுவதும் கொக்கி வழியே உடல் எடைக்குப் போய்விட வேண்டும். வளையத்தின் இரு முனைகளையும் இழுவை மையத்துக்கு நேராகக் கட்டியிருந்தால், ஓடும்போது இரு கைகளையும் சற்றே எடுத்தாலும் பாய் அசையாது. முன்பக்கக் கை வலித்தால் வளையத்தை முன்னே நகர்த்த வேண்டும். பின்பக்கக் கை வலித்தால் பின்னே. விரலளவு நகர்த்தலே அரைமணி நேரத்துக்குப் பிறகு பெரிய வேறுபாடாகத் தெரியும்.

கடைசியாகப் பலகையின் பருமன். ஒரு லிட்டர் பருமன் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். 75 கிலோ ஆள், 10 கிலோ பாயும் மரமும், 7 கிலோ பலகை சேர்ந்தால் 92 கிலோ. 95 லிட்டர் பலகை காற்று இருக்கும்வரை துள்ளி ஓடும். கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் காற்று விழுந்துவிட்டால் அதன் மேல் நிற்கவே முடியாது. 115 லிட்டர் பலகை என்றால் நின்று பாயைத் தூக்கி மெதுவாகவேனும் வந்துசேரலாம். இதனோடு, இடுப்புப் பட்டையில் இரண்டு மீட்டர் மெல்லிய கயிறும், ஊதலும், குடிநீர்ப் பையும் இருக்க வேண்டும். அறுந்த வளையத்தையோ உடைந்த மூட்டையோ கடலிலேயே கட்டிச் சமாளிக்க அந்தக் கயிறு போதும்.